முதியோர் இல்லத்தை விட்டுப் போகச் சொன்னால்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் என்ன செய்யலாம்

முதியோர் இல்லத்தில் இருக்கும் ஒருவரிடம் "நீங்கள் இனி இங்கே இருக்க ஏலாது" என்று சொல்லிவிட்டார்களா? முதல் வேலை, அன்றைக்கே போகாமல் இருப்பது. பையை அடுக்காதீர்கள். தாளில் கையொப்பம் கேட்டால் வைக்காதீர்கள். மகன் வரட்டும், மருமகள் வரட்டும், எழுத்தில் தாருங்கள், வாசித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். இப்படிச் சொல்வது மரியாதைக் குறைவு என்று நினைத்துத்தான் எங்கள் ஆட்கள் அதிகம் பேர் பேசாமல் எழுந்து போய்விடுகிறார்கள். தானாக வெளியேறியவர் என்று ஏட்டில் எழுதப்பட்ட பிறகு, அதை மாற்றுவது மிகவும் கஷ்டம்.

இதை இல்லத்தில் இருக்கும் ஐயா, அம்மாமாருக்கும், அவர்களுக்காக ஓடித்திரியும் பிள்ளை, மருமகன், பெறாமகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறேன். இலங்கையில் முதியோருக்கென்று உள்ள முக்கியமான சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 2011இல் அது திருத்தப்பட்டது. 60 வயதானவர் அதன்படி முதியவர். இந்தச் சட்டத்தில் "இல்லத்தில் இருப்பவரை இன்ன காரணத்துக்கு மட்டுமே வெளியேற்றலாம், இத்தனை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும்" என்று தனியான ஒரு பிரிவு இல்லை. அப்படி ஒன்று இருக்கத்தான் வேண்டும், இல்லாதது பெரிய குறை. ஆனால் அதற்காகக் கையில் ஒன்றுமே இல்லை என்று ஆகிவிடாது. ஒரே பிரிவில் கிடைக்காத பாதுகாப்பை நாலைந்து இடத்தில் இருந்து சேர்த்து எடுக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தில் இருந்தே எடுக்கக்கூடியவை மூன்று. பெற்றோரை வேண்டுமென்றே கைவிடக்கூடாது, அவர்களைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்று அது சொல்கிறது. பிள்ளை இல்லாத, அல்லது பிள்ளைகளால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியோருக்குப் பொருத்தமான தங்குமிடம் கொடுப்பது அரசின் கடமை என்றும் சொல்கிறது. அரசின் கருணை என்று அதில் இல்லை, கடமை என்றுதான் இருக்கிறது. மூன்றாவது, ஐந்து பேருக்கு மேற்பட்ட முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் எந்த இல்லமும் பதிவு செய்யப்பட வேண்டும். கோயில் நடத்தினாலும், தேவாலயம் நடத்தினாலும், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் நடத்தினாலும், வெளிநாட்டுக் காசில் ஊர்ப் பொதுநலச் சங்கம் நடத்தினாலும் இது பொருந்தும். பதிவு இருந்தால் மேலே கேள்வி கேட்க ஒருவர் இருக்கிறார் என்று அர்த்தம். "இது எங்கள் சொந்த இடம், எங்கள் இஷ்டம்" என்று முகாமையாளர் சொல்வது அதனால்தான் முழுசாகச் சரியில்லை.

எந்த வகை இல்லம் என்பதைப் பாருங்கள்

மாகாண சமூக சேவைகள் திணைக்களமோ வேறு அரச நிறுவனமோ நடத்தும் இல்லம் என்றால் உங்கள் கை கொஞ்சம் பலம். அரச நிர்வாகம் ஒருவரைக் காரணம் சொல்லாமல், அவர் சொல்வதைக் கேட்காமல், ஆளுக்கொரு நியாயம் வைத்து வெளியேற்றினால், அரசியலமைப்பின் 12(1) உறுப்புரையில் உள்ள சமத்துவ உரிமையை வைத்துக் கேட்கலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். இதில் நாள்தான் முக்கியம். உயர் நீதிமன்றத்துக்கு அடிப்படை உரிமை வழக்குப் போவதானால் ஒரு மாதத்துக்குள் போக வேண்டும், அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஆகவே "பேசிப் பார்ப்போம், பெருநாள் முடியட்டும், பொங்கல் முடியட்டும்" என்று இழுக்காதீர்கள்.

தருமமாக நடக்கும் இல்லங்களில் காசு வாங்க மாட்டார்கள், ஒப்பந்தமும் இருக்காது, நிர்வாக சபையின் மனம்தான் எல்லாம் என்ற மாதிரி இருக்கும். அங்கேயும் அந்தச் சபைக்கு யாப்பு ஒன்று இருக்கும், சேர்க்கும்போது நிரப்பிய படிவம் இருக்கும், பதிவு இருக்கும். அவற்றின் பிரதியைக் கேளுங்கள். மேற்பார்வையாளர் ஒருவர் கோபத்தில் "போங்கோ" என்று சொல்வது சபையின் தீர்மானம் ஆகாது. தீர்மானம் எடுத்த கூட்டத்தின் குறிப்பைக் கேட்டாலே பல இடங்களில் விடயம் அடங்கிவிடும், ஏனென்றால் அப்படி ஒரு கூட்டமே நடந்திருக்காது.

மாதக் கட்டணம் வாங்கும் இல்லம் என்றால் உங்களுக்கும் அவர்களுக்கும் இடையில் இருப்பது ஒப்பந்தம். தாளில் இல்லாவிட்டாலும் பற்றுச்சீட்டும் வங்கியில் போட்ட காசும் அந்த ஒப்பந்தத்துக்குச் சாட்சி. கட்டணம் கட்டிய மாதம் முடியும் முன் வெளியே போகச் சொல்வதும், சேரும்போது வாங்கிய வைப்புப் பணத்தைத் திருப்பித் தராமல் விடுவதும் ஒப்பந்தத்தை மீறுவது. கையொப்பம் வைத்த தாளில் "நிர்வாகம் விரும்பினால் எந்நேரமும் வெளியேற்றலாம்" என்று இருந்தால் அதை ஒரு சட்டத்தரணியிடம் காட்டாமல் முடிவுக்கு வராதீர்கள்.

கையில் இருக்க வேண்டிய தாள்கள்

சண்டை வந்த பிறகு தேடினால் கிடைக்காது. 2004 கடல்கோளில் கல்லடியிலும் நாவலடியிலும் காரைதீவிலும் மருதமுனையிலும் பாஸ்புத்தகம், உறுதி, பிறப்புப் பத்திரம் எல்லாம் போன குடும்பங்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்றைக்கே ஒரு கோவை போடுங்கள்: சேர்க்கைப் படிவத்தின் போட்டோ கொப்பி, இல்லத்தின் விதிமுறைத் தாள், கட்டணப் பற்றுச்சீட்டுகள், அடையாள அட்டை, பிரதேச செயலகத்தில் கொடுக்கும் முதியோர் அடையாள அட்டை, கிளினிக் கொப்பி. மூலப் பிரதிகளை இல்லத்தின் அலுமாரியில் விட்டுவைக்க வேண்டாம். கோவையை ஒருவர் கைத்தொலைபேசியில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளட்டும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. நீண்ட காலம் இருக்கப் போகிறவர் என்றால் வாக்காளர் இடாப்பில் இல்லத்தின் முகவரியில் பெயரைப் பதியச் சொல்லுங்கள், அந்தப் பிரிவின் கிராம சேவகருக்கும் (ஜீ.எஸ்.) அவரைத் தெரிந்திருக்க வேண்டும். "இவர் சும்மா வந்து போகிற ஆள்" என்று நாளைக்கு யாரும் சொல்ல முடியாமல் செய்வது இதுதான். ஓய்வூதியமோ முதியோர் கொடுப்பனவோ வாங்குபவர் என்றால் வங்கிப் புத்தகமும் ஏ.ரி.எம். அட்டையும் அவர் கையில்தான் இருக்க வேண்டும். இல்லத்தில் இருப்பதற்காக அதை ஒப்படைக்கும்படி யாரும் கேட்க முடியாது. கட்டணத்துக்காகக் காசு கொடுக்கிறீர்கள் என்றால் எடுத்துக் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

போகச் சொன்ன நாளில்

யார் சொன்னார், எந்தத் திகதி, எத்தனை மணி, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று ஒரு கொப்பியில் எழுதுங்கள். எழுத முடியாதவர் என்றால் பார்க்க வருகிறவர் எழுதட்டும். பிறகு இல்லத்தின் நிர்வாக சபைத் தலைவருக்கு ஒரு கடிதம், பதிவுத் தபாலில். பெரிய வசனம் எதுவும் தேவையில்லை, இப்படி எழுதினால் போதும்:

"… ஆம் திகதி என்னை இல்லத்தை விட்டுப் போகும்படி வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. எனக்குப் போவதற்கு வேறு பாதுகாப்பான இடம் இல்லை. என் விருப்பத்தின் பேரில் நான் வெளியேறவில்லை. இந்த முடிவுக்குக் காரணம் என்ன, யார் எடுத்த தீர்மானம் என்பதை எழுத்தில் அறியத் தரவும். அதற்கு நான் பதில் சொல்லி முடியும்வரை என்னைத் தற்போதைய இடத்திலேயே இருக்கவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

கீழே "பிரதி" என்று போட்டு, பிரதேச செயலாளர், முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மாகாண சமூக சேவைகள் திணைக்களம் மூன்றையும் எழுதி உண்மையிலேயே அனுப்புங்கள். தபால் பற்றுச்சீட்டைக் கோவையில் ஒட்டுங்கள். கையொப்பம் வைக்க முடியாதவர் பெருவிரல் அடையாளம் வைக்கலாம், பக்கத்தில் இரண்டு சாட்சி போடுங்கள்.

முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் என்று ஒருவர் பிரதேச செயலகங்களில் இருக்கிறார் என்பதே எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. களுவாஞ்சிக்குடி என்றாலும் வாழைச்சேனை என்றாலும் திருக்கோவில் என்றாலும் அக்கரைப்பற்று என்றாலும், உங்கள் பிரதேச செயலகத்தில் (டீ.எஸ். ஒபிஸில்) போய் அந்தப் பதவிப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், இல்லாவிட்டால் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள். நேரே இல்லத்துக்கு வந்து இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேச அவர்களால் முடியும், பல பிணக்குகள் அந்த இடத்திலேயே தீரும். வரமாட்டேன் என்றால் நீங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை வாங்கிக்கொண்டு வாருங்கள். அம்பாறைக் கச்சேரிக்கோ வேறு அலுவலகத்துக்கோ எழுதும்போது தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழ் நிர்வாக மொழி, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைத்தான் சொல்கிறது.

இல்லம் பதிவு செய்யப்பட்டதா என்று தெரியாவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் பிரதேச செயலகத்திலோ சமூக சேவைகள் திணைக்களத்திலோ கேளுங்கள். ஏன் கேட்கிறீர்கள் என்று நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

பொருட்களை வெளியே தூக்கிப் போட்டால், கேட்டைப் பூட்டினால், கையைப் பிடித்து இழுத்தால் அது வேறு விடயம். உடனே பொலிஸ். இடம் அவர்களுடையதாகவே இருந்தாலும், இருக்கிற ஒருவரைப் பலவந்தமாக வெளியே தள்ளச் சட்டம் இடம் கொடுப்பதில்லை, அதற்கு நீதிமன்றம் இருக்கிறது. "இது சிவில் பிரச்சினை, நாங்கள் தலையிட ஏலாது" என்று பொலிஸில் சொல்லக்கூடும். சரி, ஆனால் முறைப்பாட்டைப் பதியுங்கள், இலக்கத்தைத் தாருங்கள் என்று நின்று கேளுங்கள்.

1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. காணி, கட்டடத்தின் அனுபவிப்புப் பற்றிய பிணக்கில் சமாதானம் குலையும் நிலை வந்தால் பொலிஸாரோ, பாதிக்கப்பட்டவர் தானாகவோ நீதிமன்றத்துக்குப் போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் போனால் மறுபடி உள்ளே விடும்படி உத்தரவு கேட்க முடியும். இல்லத்தில் ஒரு கட்டிலில் இருந்தவருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பது அவரவர் ஏற்பாட்டைப் பொறுத்தது. தனி அறை, சொந்தத் திறப்பு, மாதக் கட்டணம், பல வருட இருப்பு எல்லாம் இருந்தால் வாதம் பலம். பொது மண்டபத்தில் தருமத்துக்கு இருந்தவர் என்றால் இல்லத்தின் அனுமதியில் இருந்தவர் என்று மற்றப் பக்கம் சொல்லும். அந்த நிலையில் மாவட்ட நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்பதா, வேறு வழியா என்று சட்டத்தரணிதான் சொல்ல வேண்டும். காசு இல்லாதவருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் நிலையங்கள் உண்டு. வருமானம் குறைந்தவர் என்று காட்ட ஜீ.எஸ். கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனால் அலைச்சல் குறையும்.

என்ன காரணம் சொல்கிறார்கள்

அதிகம் கேட்பது காசு. மகன் கட்டாரில், லண்டனில் இருந்து அனுப்பிக்கொண்டிருந்த காசு நின்றுவிடுகிறது, மூன்று மாதம் பார்த்துவிட்டு இல்லம் போகச் சொல்கிறது. இல்லத்தின் பக்கமும் நியாயம் இருக்கிறது, அரிசியும் மருந்தும் சும்மா வருவதில்லை. இங்கே நீங்கள் செய்ய வேண்டியது கடன்காரர் மாதிரி ஒளிந்துகொள்ளாமல், கட்டக்கூடிய தொகையை எழுத்தில் சொல்லி, அதே நேரத்தில் முதியோருக்கான பராமரிப்புச் சபைக்கு விண்ணப்பம் போடுவது. தன்னைத் தானே பராமரிக்க முடியாத முதியவர், பிள்ளைகள் மாதாந்தம் ஒரு தொகை தரும்படி உத்தரவு கேட்டு அந்தச் சபைக்குப் போகலாம், 2000ஆம் ஆண்டின் சட்டத்தில்தான் அதுவும் இருக்கிறது. விண்ணப்பத்தை நிரப்ப உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் உதவ வேண்டும். வெளிநாட்டில் இருப்பவரை மட்டும் போடாமல், ஊரில் இருக்கும் பிள்ளைகள் எல்லோருடைய பெயரையும் முகவரியையும் போடுங்கள். "பிள்ளைகளைக் கோட்டுக்கு இழுப்பதா" என்று அழுகிற தாய்மார் உண்டு, அந்த மனம் எனக்கு விளங்குகிறது. ஆனால் விண்ணப்பம் போட்ட கடிதத்தின் பிரதியை இல்லத்துக்குக் காட்டினாலே அவகாசம் கிடைக்கும் என்பதையும், பல பிள்ளைகள் அழைப்புக் கடிதம் கண்டதும் பேச வந்துவிடுவார்கள் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

அடுத்தது நோய். நடந்து திரிந்தவர் படுக்கையில் விழுகிறார், அல்லது மறதி வந்து இரவில் எழுந்து சத்தம் போடுகிறார், "எங்களால் பார்க்க முடியாது" என்கிறார்கள். உண்மையிலேயே ஆள் வசதி இல்லாத இல்லமாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்க முடியாது என்பதற்கும் தெருவில் விடுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது: போக வேறு இடம் உறுதியாகும்வரை வைத்திருக்க வேண்டும் என்று கேளுங்கள், வைத்தியரின் கடிதம் கேளுங்கள், பிரதேச செயலகத்தை உள்ளே கொண்டுவாருங்கள். வேறு யாரும் இல்லாதவர் என்றால் அரசின் கடமை என்று மேலே சொன்னதை இந்த இடத்தில்தான் எழுத்தில் கேட்க வேண்டும்.

இதில் மிகவும் கொடுமையானது ஆஸ்பத்திரி வழியாகக் கழற்றிவிடுவது. காய்ச்சல் என்று மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனைக்கோ கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள், துண்டு வெட்டி வீட்டுக்கு விடும் நாளில் இல்லத்தில் இருந்து ஒருவரும் வரமாட்டார்கள், கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டோம் என்பார்கள். ஆகவே ஆஸ்பத்திரிக்குப் போகும் அன்றே இல்லத்துக்கு ஒரு செய்தி அனுப்பிவிடுங்கள், வட்ஸ்அப் என்றாலும் போதும்: "சிகிச்சைக்காகப் போகிறார், திரும்பி வருவார், அவருடைய இடத்தையும் பொருட்களையும் வைத்திருக்கவும்." கட்டணம் கட்டும் இல்லம் என்றால் அந்த மாதக் காசையும் கட்டி வையுங்கள். அப்படியும் ஏற்க மறுத்தால் வார்ட் சிஸ்டரிடம் சொல்லுங்கள், இல்லத்தின் பெயரும் முகவரியும் நோயாளியின் ஏட்டில் பதியப்பட வேண்டும், யாரும் அவரைத் தனியாக ஓட்டோவில் ஏற்றிவிட இடம் கொடுக்காதீர்கள்.

முறைப்பாடு சொன்னதற்காக, சாப்பாடு சரியில்லை என்றதற்காகப் போகச் சொல்வதும் நடக்கிறது. சாப்பாட்டைப் பற்றி எப்போது சொன்னீர்கள், போகச் சொன்னது எப்போது என்ற இரண்டு திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி உத்தியோகத்தரிடம் கொடுங்கள், சொல்ல வேண்டியதை அந்தத் திகதிகளே சொல்லும்.

காணி, வீடு, கையொப்பம்

எங்கள் இரண்டு மாவட்டத்திலும், தமிழருக்குள்ளும் முஸ்லிம்களுக்குள்ளும், வீட்டைப் பெண்பிள்ளைக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டுத் தாய் தகப்பன் அதே வளவில் ஒதுங்கிக்கொள்வது வழக்கம். கடைசி மகளின் வீட்டில் இருக்கும்போது ஒத்துவரவில்லை என்றால் போக இடம் இல்லாமல்தான் பலர் இல்லத்துக்கு வருகிறார்கள். இனி எழுதப் போகிறவர்கள் நொத்தாரிசிடம் சீவிய உரித்தை, அதாவது சாகும்வரை அந்த வீட்டை அனுபவிக்கும் உரிமையை, உங்களுக்கு ஒதுக்கி எழுதச் சொல்லுங்கள், தயவுசெய்து. ஏற்கெனவே நன்கொடை உறுதி எழுதிவிட்டவர், நன்கொடையை வாங்கிய பிள்ளை பெரும் நன்றிகேடாக நடந்தால் அந்த நன்கொடையை இரத்துச் செய்ய வழக்குப் போட முடியும், 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதற்கானது. அதற்குக் காலவரையறை இருக்கிறது, தள்ளிப்போடாமல் உறுதியைக் கொண்டுபோய்ச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

இல்லத்துக்கே காணியை எழுதிக் கொடுத்து "சாகும்வரை பார்ப்போம்" என்று வாய்வாக்கு வாங்குபவர்களும் உண்டு. காணி பற்றிய எந்த வாக்கும் நொத்தாரிசு முன் எழுதப்பட்டால்தான் நிற்கும், 1840இல் இருந்து சட்டம் அப்படித்தான். ஆயுள்வரை தங்கவைத்துப் பராமரிக்க வேண்டும், தவறினால் காணி திரும்ப வேண்டும் என்பது உறுதியிலேயே இருக்க வேண்டும். எழுத மறுக்கும் இல்லத்துக்குக் காணி கொடுக்காதீர்கள்.

கடைசியாக, பிள்ளைகள் பற்றி. 60 வயது தாண்டிவிட்டார் என்பதற்காகவோ கொஞ்சம் மறதி வந்துவிட்டது என்பதற்காகவோ மகன் தானாகவே அவருடைய பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை, அதற்கு மாவட்ட நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அதனால் "மகன் கையொப்பம் வைத்துவிட்டார், ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறார்" என்று இல்லம் சொன்னால், முதியவர் போக விரும்புகிறாரா என்று அவரிடமே கேட்க வேண்டும், மகன் பக்கத்தில் நிற்காத நேரத்தில் கேட்க வேண்டும். ஓய்வூதியக் காசுக்காகவோ காணியில் ஒரு கையொப்பத்துக்காகவோ திடீரெனக் கூட்டிப்போக வருபவர்கள் இருக்கிறார்கள். அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் அலுவல் பார்க்க இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்கும் அதிகாரம்) கொடுத்திருந்தால்கூட அது காசு, காணி அலுவலுக்குத்தான், அவர் எங்கே படுக்க வேண்டும் என்று தீர்மானிப்பதற்கு இல்லை. கொடுத்தவர் அதை இரத்தும் செய்யலாம். அதே போல் வெளியே போக விரும்புகிற ஒருவரைக் கேட்டைப் பூட்டி வைத்திருக்க இல்லத்துக்கும் உரிமை இல்லை. இருப்பதா போவதா என்று அவர் சொல்வதைத் திகதி போட்டு எழுதி, பெருவிரல் அடையாளமோ கையொப்பமோ வாங்கி, ஒரு பிரதியை ஜீ.எஸ்.ஸிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.